பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்க ஆகும் செலவு: இராமநாதபுரம் கடற்கரைத் தொழில்முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை நீளும் நம் கடற்கரையில் கருவாடு, நண்டு, கணவாய், கடற்பாசி, கருப்பட்டி, பனையோலைப் பெட்டி என்று ஏதேனும் ஒன்றைக் கொள்முதல் செய்து வெளியூருக்கு அனுப்பி வருபவர்கள், பெரிய வியாபாரி ஒருவர் கம்பெனி பெயரில் பில் கேட்கும் நாளில்தான் பதிவுச் செலவைப் பற்றி முதன்முதலாக விசாரிக்கத் தொடங்குகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துத் தருவதாக ஒரு விளம்பரம் சொல்லும். அதே வேலைக்கு நாற்பதாயிரம் ஆகும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு தொகைகளுமே கேட்பவருக்குப் பயன்படுவதில்லை. ஏனென்றால், பதிவு செய்வதற்கு ஆகும் பணம் சிறியது. பதிவான கம்பெனியை ஆண்டுதோறும் சட்டப்படி நடத்துவதற்கு ஆகும் பணமே பெரியது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகே விண்ணப்பத்தில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கம்பெனி வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தனி ஆளாக, சொந்தப் பெயரில் தொழில் நடத்துவதற்குத் தனிப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்கவும் சிறு கடன் கேட்கவும் பெரும்பாலும் அதுவே போதுமானது. மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக வரும் மானியக் கடன்களைப் பற்றிக் குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தனிநபர் விண்ணப்பிக்கலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அதில் இடமில்லை. மானியத்தை நம்பித் தொழில் தொடங்க நினைப்பவர் அவசரப்பட்டு முதலில் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டால், அந்தப் பெயரில் அந்த மானியத்தைக் கேட்க முடியாமல் போய்விடும். எனவே மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு ஆடிட்டரிடம் செல்வதே சரியான வரிசை.

வருமான வரியும் ஒரு செலவுதான். புதிய வரி முறையில் தனிநபருக்கு ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வரித் தள்ளுபடி கிடைக்கிறது. கம்பெனிக்கு அப்படிப்பட்ட அடிப்படை விலக்கு எதுவும் இல்லை. இலாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரி தொடங்குகிறது. 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 25.17 சதவீதம் ஆகும். ஐந்து லட்சம் ரூபாய் இலாபம் பார்க்கும் சிறு வியாபாரி, சொந்தப் பெயரில் இருந்தால் கட்டத் தேவையில்லாத சுமார் ஒன்றேகால் லட்சத்தைக் கம்பெனியின் பெயரில் கட்ட நேரிடும். இயக்குநர்களுக்கு முறையாகச் சம்பளம் நிர்ணயித்து, அதைக் கம்பெனியின் செலவாகக் காட்டினால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். ஆனால் அதைத் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்; ஆண்டு இறுதியில் கணக்கைச் சரிசெய்வதற்காக எழுதக் கூடாது.

அப்படியானால் கம்பெனி யாருக்குத் தேவை? வெளி முதலீட்டாளரைச் சேர்க்க நினைப்பவர்களுக்கும், பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தொடர்ந்து சரக்குத் தருபவர்களுக்கும், தொழிலின் கடன் குடும்பச் சொத்தைத் தொடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கும் அது பொருந்தும். கடைசியாகச் சொன்ன காரணத்தில் ஓர் எல்லை உண்டு. சிறிய கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கையெழுத்தைப் போட்டவுடன், அந்தக் கடனைப் பொறுத்தவரை, உங்கள் வீடும் நகையும் மறுபடியும் பொறுப்புக்குள் வந்துவிடுகின்றன.

இருவர் அல்லது மூவர் சேர்ந்து, வெளி முதலீடு இல்லாமல் வியாபாரம் செய்வதாக இருந்தால் எல்எல்பி என்னும் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பொறுப்பு வரையறை அதிலும் உண்டு, செலவு குறைவு. கூட்டாளிகள் போடும் முதலான பங்களிப்பு ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்தால் பதிவுக் கட்டணம் ரூ. 500, பெயர் ஒதுக்கீட்டுக்கு ரூ. 200. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும் பங்களிப்பு 25 லட்சத்தையும் தாண்டாத வரை எல்எல்பி சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ ஒரு ரூபாய்கூட விற்காத ஆண்டிலும் தணிக்கை செய்தாக வேண்டும். எல்எல்பியின் இலாபத்துக்கு 30 சதவீத வரி என்பதை மட்டும் எதிர்ப்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரும் முகவரியும்: காசு கரையும் முதல் இடம்

கம்பெனிதான் வேண்டும் என்று முடிவானால், கட்டணம் எதையும் கட்டுவதற்கு முன் ஆவணங்களை மேசையில் பரப்பிச் சரிபார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் தேவை. அதே இருவர் இரண்டு பொறுப்புகளையும் வகிக்கலாம். தனி ஆளாகவே கம்பெனி வேண்டும் என்பவருக்கு ஒருநபர் கம்பெனி என்ற வகை உண்டு. அதற்கும் ஒரு வாரிசு நியமனதாரரைக் காட்ட வேண்டும்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது பெயர்தான். ஆதாரில் முன்னெழுத்தோடு இருக்கும் ஒருவரின் பெயர் பான் அட்டையில் தந்தை பெயரைக் கடைசிப் பெயராகக் கொண்டிருக்கும். கீழக்கரையில் ஒருவரின் பெயர் பாஸ்போர்ட்டில் முகமது என்பதற்கு ஓர் எழுத்துக்கூட்டிலும் பானில் வேறோர் எழுத்துக்கூட்டிலும் இருக்கும். தங்கச்சிமடத்தில் ஞானஸ்நானப் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னோர் ஆவணத்தில் பின்னாலும் நிற்கும். ஊருக்குள் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் டிஜிட்டல் கையொப்பமும் இயக்குநர் அடையாள எண்ணும் வருமான வரித்துறையில் பதிவாகியுள்ள பான் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. அங்கே ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். பழைய எழுத்தில் டிஜிட்டல் கையொப்பத்தை வாங்கிவிட்டுப் பிறகு பானைத் திருத்தினால், கையொப்பத்துக்கு மறுபடியும் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். இ-சேவை மையத்தில் ஆதாரைத் திருத்த ஆவது சிறு தொகைதான். முதலில் பான், அதற்கு ஏற்ப ஆதார், அதன் பிறகே கையொப்பம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பதிவு அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்கட்டண ரசீதோ அதைப் போன்ற வேறொரு ரசீதோ தேவை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மின்கணக்கு எடுக்கிறார்கள் என்பதால், கணக்கெடுத்துச் சில வாரங்கள் ஆன ரசீதை வைத்து விண்ணப்பத்தைத் தொடங்கினால், கேள்வி வந்து மறுபடி சமர்ப்பிக்கும் நேரத்தில் அது காலாவதியாகியிருக்கும். கணக்கெடுத்த அதே வாரத்தில் பணத்தைக் கட்டி, இணையத்திலிருந்து ரசீதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மின் இணைப்பு காலமான தாத்தாவின் பெயரிலேயே தொடரும் வீடுகள் நம்மிடம் ஏராளம். அப்படி இருந்தால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள், அல்லது ஆவணங்கள் சரியாக உள்ள உறவினர் ஒருவரின் முகவரியைப் பயன்படுத்துங்கள். உரிமையாளர் வேறொருவர் என்றால் அவரிடம் ஆட்சேபனையில்லாக் கடிதமும், வாடகை என்றால் ஒப்பந்தமும் வேண்டும். 2024 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை ரூ. 20-இலிருந்து ரூ. 200 ஆகிவிட்டது என்பதால், பழைய இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நீட்டாதீர்கள். பட்டா இல்லாத நிலத்தில் நிற்கும் கருவாட்டுக் கொட்டகையைப் பதிவு அலுவலகமாகக் காட்டவே வேண்டாம். தொழில் அங்கே நடக்கட்டும்; முகவரி ஆவணமுள்ள வீட்டில் இருக்கட்டும்.

விண்ணப்பமும் கட்டணமும்

இதற்காக யாரும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மத்திய கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் ஸ்பைஸ் பிளஸ் என்ற ஒரே படிவத்தில் எல்லாம் நடக்கிறது. ஹரியானாவின் மானேசரில் உள்ள மத்திய பதிவு மையம் அதைப் பரிசீலிக்கிறது. படிவத்தின் முதல் பகுதி பெயருக்கானது, இரண்டாம் பகுதி பதிவுக்கானது.

முதலில் டிஜிட்டல் கையொப்பம் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் கையொப்பம், யுஎஸ்பி டோக்கனோடு சேர்த்து, ஆளுக்கு ஏறத்தாழ ரூ. 1,500 முதல் ரூ. 2,500 வரை சந்தையில் கிடைக்கிறது. அந்த டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பித் தருபவரின் மேசை டிராயரில் அது கிடக்குமானால், உங்கள் கையெழுத்தை அவர் எப்போது எதற்குப் போட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

பெயர் ஒதுக்கீட்டுக்கு ரூ. 1,000. ஒரு விண்ணப்பத்தில் இரண்டு பெயர்களைக் கொடுக்கலாம். இரண்டும் ஏற்கப்படாவிட்டால் மறுசமர்ப்பிப்புக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதுவும் தவறினால் மறுபடி ஆயிரம் ரூபாய். சேது, பாம்பன், ராம் என்று தொடங்கும் பெயர்களே எல்லாருக்கும் முதலில் தோன்றும் என்பதால் அங்கே நெரிசல் அதிகம். அமைச்சகத்தின் இணையதளத்திலும் வணிகச் சின்னப் பதிவேட்டிலும் இலவசமாகத் தேடிப் பார்க்க முடியும். அரை நாள் உட்கார்ந்து தேடினால் ஆயிரம் ரூபாய் மிச்சம். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து ஒரு கம்பெனிக்குப் பெயர் வாங்க முடியாது. வேறொரு தனிச் சொல் சேர வேண்டும். ஒதுக்கப்பட்ட பெயர் 20 நாட்களுக்கு மட்டுமே உங்களுடையது. மற்ற ஆவணங்கள் தயாரான பிறகே பெயருக்கு விண்ணப்பியுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அனுமதிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி பங்குகளாக வெளியிடக்கூடிய உச்சத் தொகை, 15 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மத்திய அரசின் பதிவுக் கட்டணம் இல்லை. கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோராண்டம், உள்விதிகளைச் சொல்லும் ஆர்ட்டிகிள்ஸ் ஆகிய இரண்டு ஆவணங்களுக்கான மாநில முத்திரைத் தீர்வை தனி. அதை இணையதளமே மூலதனத்துக்கேற்பக் கணக்கிட்டு வசூலிக்கும். பான் எண்ணுக்கும், பிறருக்குத் தரும் பணத்தில் வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் எண்ணுக்கும் இரண்டும் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடியும். குறைந்தபட்சம் ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2015-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தோடு நீங்கிவிட்டது. ஆனாலும் பலர் இன்னும் அதைக் காரணம் காட்டித் தயங்குகிறார்கள். நீங்கள் எழுதும் மூலதனம் முடங்கிப் போகும் பணமும் அல்ல. கம்பெனியின் வங்கிக் கணக்கில் செலுத்திய பிறகு அதைச் சரக்கு வாங்கவும் ஐஸ் வாங்கவும் பயன்படுத்தலாம்.

இதே படிவத்தோடு ஜிஎஸ்டி பதிவையும் கேட்கலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். யோசிக்காமல் அதில் குறி போட்டுவிடாதீர்கள். ஐஸ் வைத்த பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதை மட்டும் விற்பவர் பதிவு எடுக்கத் தேவையில்லை. மற்ற சரக்குகளை மாநிலத்துக்குள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் விற்றுமுதல் 40 லட்சம் வரை விலக்கு உண்டு. வரிக்குட்பட்ட சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பினாலோ ஏற்றுமதி செய்தாலோ முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் பதிவு எடுத்த பிறகு, விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 20 தாமதக் கட்டணம். வருங்கால வைப்புநிதி, இஎஸ்ஐ எண்கள் தாமாகவே வந்து சேரும். அவற்றைக் கண்டு பதற வேண்டாம். வைப்புநிதிக்கு 20 பேரும் இஎஸ்ஐக்கு 10 பேரும் பணியில் சேரும் வரை அவற்றுக்கான கடமைகள் தொடங்குவதில்லை.

படிவத்துக்குத் தொழில்முறைச் சான்று கட்டாயம். பட்டயக் கணக்காளர், கம்பெனி செயலர், செலவுக் கணக்காளர், வழக்கறிஞர் ஆகியோரில் ஒருவர் சான்றளிக்க வேண்டும். இந்த வேலைக்கு மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வட்டாரத்தில் வழக்கமாகக் கேட்கப்படுவது ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை. தொகையைவிட முக்கியம், அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குவது. கையொப்பம், முத்திரைத் தீர்வை, முதல் ஆடிட்டர் நியமனம், தொழில் தொடக்க அறிவிப்பு ஆகிய நான்கும் உள்ளே உண்டா இல்லையா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மலிவான விளம்பரங்களில் விடுபட்டிருப்பவை பெரும்பாலும் இவைதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மண்டபத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்தில் கருவாட்டுக் கம்பெனி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கையொப்பங்கள் இரண்டுக்கும் ரூ. 4,000, பெயருக்கு ரூ. 1,000, முத்திரைத் தீர்வைக்கும் பான், டான் எண்களுக்கும் ரூ. 1,500, தொழில்முறைக் கட்டணம் ரூ. 7,000, வாடகைப் பத்திரமும் நோட்டரியும் ரூ. 500, பதிவுக்குப் பின் தாக்கல் செய்யும் இரண்டு படிவங்களுக்கு ரூ. 600, பெயர்ப்பலகைக்கும் பங்குச் சான்றிதழ் அச்சுக்கும் ரூ. 1,500 என்று எழுதினால், மொத்தம் ரூ. 16,100. நடப்புக் கணக்கில் வங்கி கேட்கும் குறைந்தபட்ச இருப்பை இதற்கு வெளியே தனியாக எடுத்து வையுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு

பதிவுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதால்தான் பெரும்பாலான அபராதங்கள் வருகின்றன. 30 நாட்களுக்குள் முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தை நடத்தி, முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ்களை வழங்க வேண்டும். பதிவு அலுவலக வாசலில் கம்பெனியின் பெயரும் முகவரியும் எழுதிய பலகை இருக்க வேண்டும். வட்டார மொழியின் எழுத்திலும் அது இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே சொல்கிறது, ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகை போதாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஐஎன்சி-20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்பு. பங்குதாரர்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டார்கள் என்பதைக் காட்டி, பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு லட்சம் மூலதனத்துக்கு இதன் கட்டணம் ரூ. 300தான். தவறினால் கம்பெனிக்கு ரூ. 50,000 அபராதம், பொறுப்பிலுள்ள ஒவ்வோர் இயக்குநருக்கும் நாளொன்றுக்கு ரூ. 1,000 வீதம் ஒரு லட்சம் வரை அபராதம். முந்நூறு ரூபாய் வேலையை மறந்ததற்காக ஒரு குடும்பம் இவ்வளவு பெரிய தொகைக்கு ஆளாவதைப் பார்க்கவே மனம் பொறுப்பதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே 150-ஆவது நாளை வட்டமிட்டு வையுங்கள்.

இயக்குநர்களின் விவரங்களும் கம்பெனியின் முகவரியும் பொதுவெளியில் பார்க்கக்கூடியவை என்பதால், பதிவான சில நாட்களிலேயே சான்றிதழ், லைசென்ஸ், இணையப் பட்டியல் என்று பணம் கேட்கும் அழைப்புகள் வரத் தொடங்கும். அரசுக் கட்டணம் எதுவும் ஒருவரின் கைபேசி எண்ணுக்குச் செலுத்தப்படுவதில்லை. சந்தேகம் வந்தால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஆண்டுச் செலவும் நம் கடலின் பருவமும்

இனி பெரிய செலவுக்கு வருவோம். ஒரு சிறிய கம்பெனிக்குத் தணிக்கைக் கட்டணம் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம், ஆண்டுப் படிவங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்ய ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம், வருமான வரிக் கணக்குக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம், கணக்கெழுதவும் ஜிஎஸ்டி தாக்கலுக்கும் மாதம் ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு என்று நம் வட்டாரத்தில் கேட்கப்படுவதை வைத்துக் கூட்டினால், ஆண்டுக்கு ரூ. 36,000 முதல் ரூ. 65,000 வரை வருகிறது. உள்ளாட்சி அமைப்புக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரி இதற்கு மேல். அரசுக்கு நேராகச் செல்லும் படிவக் கட்டணம் இதில் சில நூறு ரூபாய்தான். மீதியெல்லாம் ஒழுங்காகக் கணக்கு வைப்பதற்கான விலை.

கணக்கு வைப்பதிலும் கம்பெனிக்குத் தனி விதிகள் உண்டு. 2023 ஏப்ரல் முதல், கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனி, செய்த திருத்தங்கள் எல்லாம் தேதியோடு பதிவாகும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரியில் அதைச் செலவாக ஏற்பதில்லை. மீனைப் பிடித்தவரிடமே நேரடியாக வாங்கினால் இதற்கு விலக்கு உண்டு. இடையில் நிற்கும் வியாபாரியிடம் வாங்கினால் இல்லை. ஏலக்கூடத்தில் விடியற்காலையில் கைமாறும் பணத்துக்குச் சீட்டு எழுதும் பழக்கம் குறைவு. கொள்முதல் சீட்டு ஒவ்வொன்றிலும் தேதி, மீன் வகை, எடை, விலை, படகு உரிமையாளரின் பெயர், படகின் பதிவு எண் ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால், உண்மையாகச் செய்த செலவுக்கும் வரி கட்ட நேரும். கட்டுக்கட்டாகக் கிடக்கும் துண்டுத் தாள்களைப் பிரித்து அடுக்க ஆடிட்டர் கூடுதலாகக் கேட்பதும் நியாயமே.

மாமாவிடமோ மைத்துனரிடமோ கைமாற்றாக வாங்கிய பணத்தைக் கம்பெனிக் கணக்கில் போடுவது நம்மிடையே மிக இயல்பு. கம்பெனிக்கு அது அவ்வளவு எளிதல்ல. இயக்குநரோ அவருடைய உறவினரோ தரும் கடனுக்கு, அது பிறரிடம் கடன் வாங்கித் தந்த பணம் அல்ல என்ற எழுத்துமூல உறுதிமொழி வேண்டும். நிலுவையிலுள்ள கடன்களை ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் டிபிடி-3 என்ற படிவத்தில் காட்டவும் வேண்டும்.

காலக்கெடுக்களை நம் பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், வரவு குறைவு. பொதுக்குழுக் கூட்டம் செப்டம்பர் 30-க்குள், வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31-க்குள், கணக்கறிக்கைக்கான ஏஓசி-4 பொதுக்குழுவிலிருந்து 30 நாளில், ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ 60 நாளில் என்று எல்லாம் வந்து குவிவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். படகுகள் கரையில் கிடக்கும், கருவாடு காயாது, அந்த நேரத்தில்தான் ஆடிட்டருக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். தடைக்காலம் முடிந்து வரவு கூடும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாதம் பத்தாயிரம் ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவதே நான் சொல்லக்கூடிய வழி. ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ இரண்டுக்கும் தாமதக் கட்டணம் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ. 100, அதற்கு உச்சவரம்பு இல்லை. இரண்டையும் ஓராண்டு விட்டுவிட்டால் ரூ. 73,000 ஆகிவிடும். மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். இயக்குநருக்கான கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பை உரிய காலத்தில் முடிக்கத் தவறினால் ஆளுக்கு ரூ. 5,000.

பதிவுத் தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் மிச்சமாகும். ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பின் பதிவான கம்பெனி, கம்பெனிச் சட்டப்படி தன் முதல் நிதியாண்டை அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை கொண்டு செல்லலாம். நவம்பர், டிசம்பரில் அவசரப்பட்டுப் பதிவு செய்தவர் மூன்று நான்கு மாதக் கணக்குக்காக ஒரு முழு ஆண்டுத் தணிக்கைச் செலவை ஏற்க நேரிடும். சில வாரம் பொறுத்தவருக்கு அது மிச்சம். வருமான வரிக்கு இந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு மார்ச் 31-க்கும் கணக்குக் காட்ட வேண்டும். எல்எல்பிக்கு இதே வசதி செப்டம்பர் 30-க்குப் பின் பதிவாகும் நிறுவனங்களுக்கு உண்டு.

வளைகுடாவில் பங்காளி இருந்தால்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்தில் முதல் போடுபவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பது வழக்கம். அவர் இயக்குநராகலாம், ஆனால் இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாட்களாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கையெழுத்திடும் ஆவணங்களை அந்நாட்டில் சான்றுறுதி செய்ய வேண்டும் என்பதால் செலவும் வாரங்களும் கூடும். அவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஆவண வேலையை முடித்துவிடுவதே மலிவு. அவருடைய முதலீட்டைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையோடு போட்டால், பங்கு ஒதுக்கிய 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை தர வேண்டும். அந்த உரிமை தேவையில்லை என்றால் அந்த வேலையும் அதற்கான கட்டணமும் இல்லை. எந்த வகை என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்; வந்த பிறகு மாற்றுவது கடினம்.

கம்பெனிக்கு வெளியே உள்ள உரிமங்கள்

ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு ரூ. 500. அதை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் இலவசமாகப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும். கடலுணவு ஏற்றுமதிக்குக் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் பதிவும், உணவுப் பொருள் எதுவாயினும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் தேவை. வணிகச் சின்னத்துக்கு ஒரு வகைக்கு ரூ. 9,000, உத்யம் சான்றிதழ் இருக்கும் சிறு நிறுவனத்துக்கு இணையவழியில் ரூ. 4,500. உத்யம் பதிவைக் கம்பெனியின் பெயரில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

மூட வேண்டி வந்தால்

தொடங்கும்போதே மூடும் செலவையும் தாளின் கடைசி வரியில் எழுதி வைக்கச் சொல்வேன். தொழில் நடக்கவில்லை என்பதற்காகக் கம்பெனியை அப்படியே போட்டுவிட்டால் அது தானாக மறைவதில்லை. படிவங்களின் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். முறையாகப் பெயரை நீக்க எஸ்டிகே-2 என்ற படிவத்துக்கு அரசுக் கட்டணமே ரூ. 10,000. அதற்கு முன் நிலுவைப் படிவங்கள் எல்லாம் தாக்கலாகியிருக்க வேண்டும், கடன்கள் தீர்ந்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து வங்கிக் கணக்கையும் மூடியிருக்க வேண்டும். இயக்குநர்களின் உறுதிமொழிப் பத்திரங்களுக்கும், பட்டயக் கணக்காளர் சான்றளித்த கணக்கறிக்கைக்கும் ஆகும் பணம் தனி. அந்தக் கணக்கறிக்கை விண்ணப்பிக்கும் நாளுக்கு 30 நாட்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் தொழிலை மறுபடி எடுக்கும் எண்ணம் இருந்தால், பெயரை நீக்குவதற்குப் பதிலாக, 455-ஆம் பிரிவின்படி செயல்படாக் கம்பெனி என்ற நிலைக்கு விண்ணப்பிக்கலாம். அப்போதும் ஆண்டுக்கொருமுறை ஓர் அறிக்கை தர வேண்டும், ஆனால் வழக்கமான படிவங்களின் சுமை குறையும்.